மகள் ஒய்.பி., என் அட்டை சிவப்பு

மலாக்காவில் என்னைத் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவர் வீட்டில் இன்னும் கல்யாணமும் நடக்கவில்லை, சாவும் விழவில்லை என்று அர்த்தம். இரண்டில் எது நடந்தாலும் வாசலில் கூடாரம் போட வேண்டும். கூடாரம் என்றால் எனக்குத்தான் போன் வரும்.

நான் படித்தது தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. பிறகு ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் மரம் வெட்டு வேலை செய்தேன், புல் வெட்டினேன், அடுத்தவர் லோரியில் கூலிக்கு ஏறினேன். இன்றைக்கு என் பெயர் எழுதிய லோரி ஒன்பது ஓடுகிறது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் மூன்று பேரும் என் கூடாரத்தின் கீழ் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். தேர்தல் வந்தால் இந்தக் கட்சிக்கும் என் கூடாரம்தான், அந்தக் கட்சிக்கும் என் கூடாரம்தான். இரண்டு பக்கத்துப் பேச்சாளர்களும் ஒருவரை ஒருவர் திட்டுவது என் துணியின் நிழலில் நின்றுகொண்டுதான். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன், ஒருவர் கையையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்தவன், இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

என் பெருமைகளில் பெரியது என் மகள். அவள் இந்த மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினர். இங்கே அப்படிப்பட்டவர்களை 'ஒய்.பி.' என்று கூப்பிடுவார்கள். மாண்புமிகு என்பதற்கு மலாய்ச் சுருக்கம். அவள் பிறந்த தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, இடிந்து இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. ஆனால் அந்த இடமும் அவள் தொகுதிக்குள்தான் வருகிறது. கல்யாண வீடுகளில் என்னை முதலாளி என்று கூப்பிட்டவர்கள் இப்போது 'ஒய்.பி. அப்பா' என்கிறார்கள். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

அந்த ஒய்.பி.க்கு இந்த அப்பா ஓட்டுப் போட்டது கிடையாது. போட முடியாது. என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நாட்டுக் குடிமகனுக்கு நீல அட்டை. குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கியிருப்பவனுக்குச் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரன் வேலை செய்யலாம், வரி கட்டலாம், பிள்ளை பெற்று வளர்த்து அந்தப் பிள்ளையை ஒய்.பி. ஆக்கலாம். ஓட்டுப் போட முடியாது.

குற்றம் என் அப்பாவிடம் தொடங்கியது. நாடு சுதந்திரம் வாங்கிய சமயத்தில் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, லயம் லயமாக வந்து எல்லோரையும் பதிந்துகொள்ளச் சொன்னாராம். அப்பா போகவில்லை. இங்கே குடியுரிமைத் தாள் வாங்கிவிட்டால் தமிழ்நாட்டில் ஊரில் இருக்கும் முக்கால் ஏக்கர் பங்கை அவருடைய தம்பி எடுத்துக்கொள்வார் என்று பயம். அந்த முக்கால் ஏக்கரை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. கடைசிவரை தம்பிதான் உழுதார்.

மிச்சக் குற்றம் என்னுடையது. அதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் நானும் என் மனைவியும் குடியுரிமைக்கு எழுதிப் போட்டோம். மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் மலாயில் ஒரு சொல் தெரியாது. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வடை விற்றே மொழியைக் கற்றுக்கொண்டாள். அவளிடம் வாங்க வந்தவர்கள் கம்போங்குப் பெண்கள், மலாய்க் கிராமத்துக்காரர்கள். அவர்கள் எப்படிப் பணிவாகப் பேசினார்களோ அப்படியே இவளுக்கும் வந்துவிட்டது. நான் மலாய் கற்றது வேறு இடத்தில். சீனக் கங்காணியிடமும் லோரிப் பட்டறையிலும். அங்கே நான் என்றால் 'குவா', நீ என்றால் 'லூ'. பட்டறையில் அது தோழமை. ஐம்பது வருடமாக அந்த மொழியில்தான் வியாபாரம் செய்கிறேன். எவனும் ஒரு குறை சொன்னதில்லை.

பேட்டிக்கு இருவரும் ஒரே நாளில் போனோம். அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். நான் புதுச் சட்டை, தங்கப் பட்டைக் கடிகாரத்தோடு போய் உட்கார்ந்தேன். அதிகாரி நல்ல மனிதர்தான். என்ன வேலை செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம்தான் அவருடைய இலாகா விருந்துக்குக் கூடாரம் போட்டிருந்தேன். "லூ தாக் கெனால் குவா கா?" என்றேன்.

'என்னைத் தெரியாதா?' என்று கேட்பதாகத்தான் நான் நினைத்தேன். அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அப்படிப் பேசினால், 'ஏண்டா, உனக்கு என்னைத் தெரியாதா?' என்றுதான் காதில் விழும். அவர் முகம் மாறவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். நான் இன்னும் நாலைந்து லூ போட்டேன். அவர் தாளில் ஏதோ எழுதி, போகலாம் என்றார்.

கடிதம் வந்தபோது மகள்தான் படித்துச் சொன்னாள். அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது, அப்பாவுக்கு இல்லை. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வடை வித்தவளுக்குப் பாஸு. மந்திரிக்குக் கெமா போட்டவருக்குப் பெயிலு. நல்ல நாடுலா இது!"

கூடாரத்துக்கு இங்கே கெமா என்று பெயர். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுபடி எழுதிப் போடவும் இல்லை. ஒருமுறை இல்லை என்று சொன்ன வாசலில் இரண்டாம் முறை நிற்பவன் நான் இல்லை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், அந்த நாற்காலியில் மறுபடி உட்காரப் பயம். வெளியே கேட்டவர்களிடம், ரெண்டு பேருக்கும் கிடைச்சிருச்சு என்று சொன்னேன். சரியாகச் சொன்னால், யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன்.

ஒரு பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் வெளியூரில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு லோரியில் ஏறிவிடுவேன். மகள் முதல்முறை போட்டியிட்ட வருடம் அது முடியவில்லை. வாக்களிப்பு நாளில் பெற்ற அப்பன் ஊரில் இல்லாமல் எப்படி? ஓட்டுப் போட்டவர்களுக்கு இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து அனுப்புவார்கள். அன்று காலை நான் அந்த விரலுக்குப் பெரிய கட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மலாக்கா டவுனில் கித்தானும் கயிறும் விற்கும் பாய் கடை ஒன்று உண்டு. என் முதல் கூடாரத்துக்கே அங்கேதான் கித்தான் எடுத்தேன். பாய் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்; வாயும் இரண்டு மடங்கு நீளம். கடைக்குள் நுழைந்ததும் கேட்டார்.

"என்னா முதலாளி, விரல்ல கட்டு?"

"கம்பி நசுக்கிடுச்சு பாய்."

"அடடா. எந்த விரலு?" கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பத்து விரல் இருக்க, பாத்துப் பாத்து அந்த விரலையா நசுக்குச்சு? உங்க கம்பி எதிர்க்கட்சியோ?"

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட சத்தமாக நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் என் மகள் ஜெயித்தாள். எனக்கும் மாலை போட்டார்கள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டேன்.

ஒய்.பி. வேலை என்றால் சட்டமன்றத்தில் பேசுவது என்று நினைத்திருந்தேன். அது வருடத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் சாக்கடை. எங்கள் வீடு தங்கா பத்துவில் இருக்கிறது. அவளுடைய சேவை மையம் புக்கிட் ரம்பாயில், தொழிற்சாலைகளுக்குப் பக்கத்துக் கடை வரிசையில். காலையில் போனால், அடைத்துக்கொண்ட சாக்கடை, சம்பளம் தராத கம்பெனி, பள்ளிக்கூட இடமாற்றம், தெருநாய் என்று வரிசை நிற்கும். அவள் எல்லோரையும் உட்காரச் சொல்வாள், நம்பர் கொடுப்பாள், நம்பர்படிதான் கூப்பிடுவாள். கட்சித் தலைவரின் மச்சான் வந்தாலும் நம்பர்தான். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். என்னிடமிருந்துதான் என்பேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இரண்டாம் முறை ஜெயித்த பிறகு அவள் ஒரு காரியம் தொடங்கினாள். தொகுதியில் சிவப்பு அட்டையோடு இருக்கும் வயதானவர்களைச் சனிக்கிழமைதோறும் சேவை மையத்துக்கு வரச் சொன்னாள். பாரம் நிரப்பிக் கொடுப்பது, பேட்டிக்கு மலாய் சொல்லிக் கொடுப்பது, இதுதான் திட்டம். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அத்தனை பேரும் பழைய தோட்டத்து ஆட்கள். உள்ளே இடம் போதாமல் வாசலில் கூடாரம் வேண்டியிருந்தது. நான் சும்மா போட்டுக் கொடுத்தேன்.

"கெமா மட்டும் போதுமா?" என்று மனைவி கேட்டாள்.

அவள் கேட்டது புரிந்தது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒருமுறையாவது ஓட்டுப் பெட்டிக்குள் மகள் பெயருக்குக் கோடு போட்ட தாளைப் போட வேண்டும். அது நடக்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற நினைப்பு அப்போதே உள்ளே புகுந்துவிட்டது. ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், இத்தனை வருடமாக நான் சொன்னது பொய் என்று ஊருக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு வந்தபோது மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"அம்மா, அந்தப் பாரத்துல ஒண்ணு எடுத்துட்டு வா. இங்கேயே நிரப்பிடலாம்."

"சனிக்கிழமை வாங்கப்பா. நம்பர் எடுத்துக்குங்க."

"நான் போட்ட கெமாவுல நானே நம்பர் எடுக்கணுமா?"

"ஆமாம்பா. கெமா போட்டவருக்கு ஒரு கோப்பி தனியா தர்றேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் அவளை நம்பி இல்லை என்று காட்ட நினைத்தேன். அந்த வாரமே நேராகக் குடியுரிமைப் பதிவு அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்த பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். யார் வந்திருப்பதாகச் சொல்வது என்று கேட்டார்கள். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒன்பது லோரியில் எழுதிய பெயர்தான். என் வாயில் வந்ததோ, "ஒய்.பி.யோட அப்பா."

உடனே உள்ளே விட்டார்கள். நாற்காலி போட்டார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, முறைப்படி விண்ணப்பம் செய்யுங்கள் என்று சொல்லி வாசல்வரை வந்து அனுப்பினார். பரவாயில்லை, மரியாதை கெடவில்லை என்று வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மகளின் கார் வந்து நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"அப்பா, நீங்க அங்க போய் என் பேரச் சொன்னீங்களா?"

"அப்பன்னு சொன்னேன். அதுல என்னா பொய்?"

"அவங்க எனக்குப் போன் பண்ணிக் கேக்கறாங்க, 'ஒய்.பி. அனுப்பி வந்தாரா'ன்னு. நான் என்னா சொல்றது? நாளைக்கு எவனாவது பேஸ்புக்ல போட்டான்னா? ஒய்.பி. அப்பாவுக்கு மட்டும் ஸ்பெஷல் வழின்னு? அப்புறம் அந்த நாப்பது பேரு பாரத்தையும் சந்தேகத்தோட பாப்பாங்கப்பா. அதுல எம்பத்து ரெண்டு வயசு ஆளு ஒருத்தர் இருக்காரு."

"உன் பேரு நான் வெச்ச பேரு."

"நீங்க வெச்சது வீட்டுப் பேரு. இந்த ஒய்.பி.ங்கற பேரு ஓட்டுப் போட்டவங்க வெச்சது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நீங்க போடலையேப்பா."

அந்தக் கட்டு, அந்த விரல் எல்லாம் அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியாமல் இல்லை. பத்து வயதிலிருந்து என் பாரம் எல்லாவற்றையும் நிரப்பியவள் அவள்தான். லோரி உரிமத்துக்கும் அவள்தான், சிவப்பு அட்டைக்கும் அவள்தான். ஒருமுறை கூட வாயைத் திறந்து கேட்டதில்லை. அன்றுதான் முதல்முறை.

சொன்னதும் அவளுக்கே கண் கலங்கிவிட்டது. அம்மாவிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனாள்.

பத்து நாள் நான் அவளுக்குப் போன் செய்யவில்லை. என்னை அப்படி ஒருவரும் பேசியதில்லை. கணக்குக் கேட்க வந்த வரி அதிகாரி கூடப் பேசியதில்லை. கோபம் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. பிறகு இருந்தது வேறு. அந்த அலுவலகத்தில் எனக்குப் போட்ட நாற்காலியை நினைத்துக்கொண்டே இருந்தேன். என் வாழ்நாளில் நான் சம்பாதிக்காத ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒருவர் கையையும் எதிர்பார்க்காதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், பெற்ற பெண்ணின் கையைக் கேட்காமலே எடுத்து ஆட்டிவிட்டேன்.

மனைவி தட்டை வைத்துவிட்டு, "உங்களுக்கு வெளியே எதிரி யாரும் இல்லீங்க. வாய் ஒண்ணுதான்" என்றாள். "அது கூடவே இருக்கு, என்னா செய்றது?"

அடுத்த சனிக்கிழமை ஆட்களோடு நானும் புக்கிட் ரம்பாய் போனேன். கூடாரம் நிமிர்ந்ததும் வழக்கமாக லோரியில் ஏறிவிடுவேன். அன்று ஏறவில்லை. மேசையில் இருந்த பெண்ணிடம் நம்பர் வாங்கினேன். பதினேழு. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்தவள் எங்கள் பழைய தோட்டத்தில் மரம் வெட்டியவள். என்னைவிட இளையவள், சின்ன வயதில் ஒரே நிரையில் வேலை செய்திருக்கிறோம். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்னாண்ணே, நாற்காலி எண்ண வந்தீங்களா? ஒண்ணுகூட நாங்க தூக்கிட்டுப் போகல."

"இல்ல தங்கச்சி. நானும் சிவப்புதான்."

"சும்மா வெளையாடாதீங்க."

நான் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். முன்வரிசையில் நான்கைந்து தலைகள் திரும்பின. யாரோ ஒருவர், "நம்ப முதலாளியா?" என்று கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இத வெச்சிக்கிட்டா எங்க ஊட்டுக் கல்யாணத்துல, மறக்காம ஓட்டுப் போடுங்கன்னு மைக்ல பேசினீங்க?" என்றாள்.

"பேசினேன்."

"நல்லாத்தான் பேசினீங்க. நானே, எனக்கு ஓட்டு இல்லையேன்னு அழுதேன்." அட்டையைத் திருப்பித் தந்தாள். "சரி, என்கிட்ட மிட்டாய் இருக்கு, வேணுமா? ரொம்ப நேரம் ஆகும்."

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பதினேழு வர மதியம் ஆனது.

மகள் பதினேழு என்று கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். எதிர் நாற்காலியைக் காட்டி, மற்றவர்களிடம் பேசுவதுபோலவே மலாயில் தொடங்கினாள். பெயர், வயது, பிறந்த இடம். நான் பழக்கத்தில் ஒரு லூ விட்டேன். மேசையைத் தட்டினாள்.

"துவான்னு மரியாதையாச் சொல்லுங்க. மறுபடி."

"துவான்."

"ஏன் குடியுரிமை வேணும்?"

இதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். ஒன்பது லோரி, முப்பது பேருக்கு வேலை, எந்த மந்திரிக்கு எங்கே கூடாரம் போட்டேன் என்பதெல்லாம். வாயைத் திறந்தேன். முன்னால் அவள் முகம் இருந்தது. லோரிகள் வரவில்லை. மகளுக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று மலாயில் சொன்னேன்.

பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு எதுவும் எழுதாத பாரத்தைப் பார்த்தாள்.

"இது ஆகாதுப்பா" என்றாள் தமிழில். "அங்க இதச் சொல்லக் கூடாது. என் பேரே வரக் கூடாது. உங்களப் பத்திச் சொல்லுங்க."

என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லாமல் போன சமயம் அது ஒன்றுதான். வரிசை காத்துக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நம்பர்க்காரர் இருமினார்.

"நான் வந்தப்ப எனக்கு நடக்கத் தெரியாது" என்றேன். "நடக்கக் கத்துக்கிட்டது இங்கதான். ரப்பர் பால் நிறுக்கிற கொட்டகை சிமெண்டுத் தரையில. எங்கம்மா சொல்லுவாங்க."

"அதச் சொல்லுங்க. மலாயில."

"சாயா பெலாஜார் ஜாலான் டி சினி" என்றேன். நான் இங்கேதான் நடக்கக் கற்றேன். ஒரு லூவும் குவாவும் இல்லாமல் முழுதாக வந்தது. ஆனால் பால் நிறுக்கிற கொட்டகைக்கு மலாயில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூடாரத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் அங்கே வாளி சுமந்தவர்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் மகள், "ஸ்டோர் கெத்தான்னே சொல்லிடுங்க, புரியும்" என்று எழுதிக்கொண்டாள். கெத்தா என்றால் ரப்பர்.

அதற்குப் பிறகு எட்டு சனிக்கிழமை போனேன். ஒவ்வொரு முறையும் நம்பர் வாங்கினேன். இப்போது எனக்கு நன்றாக வருகிறது. நாற்பது பேரில் என் மலாய்தான் முதல் தரம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். மிட்டாய் கொடுத்த தங்கச்சி ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோருடைய பாரத்தோடும் என்னுடையதும் போயிருக்கிறது.

பேட்டிக்கு இன்னும் கூப்பிடவில்லை. அடுத்த தேர்தலுக்குள் வந்துவிடுமா என்று போன வாரம் மகளிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுப்பா. வந்தா சொல்லுவாங்க. காத்திருங்க" என்றாள்.

சேவை மையத்தில் வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்வது இதுதான். அதே குரலில் எனக்கும் சொன்னாள்.